கழற்றாத பூட்ஸ்

அந்த வீட்டுக்குச் சாவி கிடையாது. கதவில் பூட்டு ஒன்று இருந்தது. அதன் துளையை உப்புக்காற்று பச்சைக் களிம்பால் அடைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஸ்கார்வோய் தீவின் நாற்பத்தொரு வீடுகளிலும் இதுவே நிலை. வருகிறவர் கதவைத் தட்டுவதில்லை. தாமே திறந்து, முன்னறையில் நின்று பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, காலுறையோடு அடுக்களைக்குள் நுழைந்து, காப்பிக் கெட்டில் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். யாராவது தட்டினால்தான் வீட்டிலுள்ளவர்கள் கையிலிருப்பதை வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். தட்டுகிற ஒரே மனிதர் பாதிரியார். அவர் வேலை நாளில் வீடேறி வருவது கடல் யாரையேனும் எடுத்துக்கொண்ட பிறகு மட்டுமே.

ஹெர்டிஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. மணம் செய்துகொள்ளவில்லை. தம்பி எய்லிவோடு அந்த மஞ்சள் வீட்டில் இருந்தாள். காட் மீன்கள் முட்டையிட வடக்கிலிருந்து இறங்கி வரும் மூன்று மாதங்களும் அவளுக்கு வேலை மீன் கொட்டகையில். தலையும் குடலும் நீங்கிய மீன்களை இரண்டிரண்டாக வால் சேர்த்துக் கட்டுவாள். அவள் கட்டிய ஜோடிகள் பாறைமேட்டில் நிற்கும் மரச்சட்டங்களில் ஏறி, கோடை வரைக்கும் காற்றில் தொங்கும். மார்ச் மாதத்து வெளிச்சம் அங்கே சூரியனிலிருந்து வருவதாகவே தோன்றாது. பனியிலிருந்தும் கடலிலிருந்தும் அந்த ஆயிரமாயிரம் மீன் வயிறுகளின் வெண்மையிலிருந்தும் கசிந்து, வீடுகளை மிதக்கவிட்டு, மனிதர்களுக்கு நிழலே இல்லாமல் செய்துவிடும். மதியத்தில் மேட்டிலிருந்து பார்த்தால், தீவு யாரோ பாதி நினைத்து நிறுத்திவிட்ட ஓர் இடம்போல இருக்கும்.

அந்த வெளிச்சத்துக்குள்தான் பத்து நாட்களுக்கு முன் சுன்னிவா வந்து சேர்ந்தாள். ஹெர்டிஸின் தங்கை ரான்வைகின் மகள்; எட்டு வயது. தெற்கே நகரத்தில் வளர்ந்தவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் தகப்பன் நோயில் இறந்தான். பிறகு ரான்வைகின் வீட்டில் ஹல்வார்ட் என்ற ஒருவன் வந்து தங்கினான். தீவில் எவரும் அவனைக் கண்டதில்லை. ஜனவரியில் ஒரு பிற்பகல், அவன் தன் தொழில் கூட்டாளியை உறைந்த கடல்நீரின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளினான். பனிக்கட்டியைப் பற்றி மேலேறப் பார்த்தவனின் கையைப் பூட்ஸால் மிதித்தான். விரல்கள் விட்டுப் போகும்வரை மிதித்தான். படகுக் கொட்டகைப் பலகை இடுக்கின் வழியாகச் சுன்னிவா அதைக் கண்டாள். இடுக்கு தரையோடு ஒட்டியிருந்ததால் அவளுக்குத் தெரிந்தவை விரல்களும் பூட்ஸும்தாம். தாயிடம் சொன்னாள். தாய் அவனைக் கேட்டாள். கேட்டதற்குப் பதிலாக அவன் தள்ளிவிட, மாடிப்படிகளில் உருண்டு, இப்போது மருத்துவமனையில் கிடந்தாள். வருகிற வெள்ளியன்று குழந்தை நீதிபதி முன் பேச வேண்டும். அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்கார்வோய்.

வந்த நாள் முதல் குழந்தை தன் சிவப்பு பூட்ஸைக் கழற்றவில்லை. வீட்டுக்குள்ளும் அதோடு நடந்தாள், அதோடு சாப்பிட்டாள், படுக்கையில் அதோடு உறங்கினாள். எட்டுத் தலைமுறையாக அந்தத் தரையில் எவரும் செய்யாத காரியம். எய்லிவ் முதல் நாள் வாயைத் திறந்தான். ஹெர்டிஸ் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். தினமும் மாலையில் அவள் ஈரத்துணியோடு குனிந்து, குழந்தை நடந்த தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கப்படாததாலோ என்னவோ, நான்காம் நாள் சுன்னிவா தானாகவே கொட்டகைக்குக் கூட வந்தாள்.

காட் மீனின் நாக்கை அறுப்பது தீவில் குழந்தைகளின் வேலை. பெரியவர்கள் அதைத் தொடுவதில்லை. பலகையில் நிமிர்ந்து நிற்கும் இரும்பு முள்ளில் மீன்தலையைக் குத்தி, கத்தியை ஒரு சுற்றுச் சுற்றி, நாக்கை வாளியில் போடுவார்கள். ஆரஞ்சு நிற மேலாடையும் தலைக்குல்லாயுமாக ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் சுன்னிவாவுக்கும் ஓர் இடம் கிடைத்தது. முதல் நாள் அவள் அறுத்தது ஒன்பது நாக்கு. பக்கத்தில் நின்ற நீண்ட கூந்தல் சிறுமி ஒருத்தி, "நீ அறுக்குறதுக்குள்ள அந்த மீன் மறுபடியும் நீந்திப் போயிரும்" என்றாள். சுன்னிவா சிரித்தாள் என்று எய்லிவ் ஓடி வந்து சொன்னான். ஹெர்டிஸ் கட்டிக்கொண்டிருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

புதன்கிழமை மதியம் ஹெர்டிஸ் சமைப்பதற்காக முன்னதாகவே வீடு திரும்பியிருந்தாள். தென்மேற்கிலிருந்து காற்று எழுந்துகொண்டிருந்தது. வானம் கடலுக்குள் இறங்கிவிட்டதால் இரண்டும் ஒரே சாம்பல் நிறத் துணியாகத் தொங்கின. மீன் ஈரல் மெல்லிய தீயில் உருகிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. நகரத்துக் காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். ஹல்வார்ட் இரண்டு நாட்களாகக் கண்ணில் படவில்லை. வடக்கே போயிருக்கலாம் என்று இப்போதுதான் தெரிகிறது. காவல் படகு புறப்பட்டுவிட்டது. கடல் விட்டால் ஆறு மணிக்குள் வந்துவிடும். தங்கள் ஆட்கள் அந்தப் படகில் மட்டுமே வருவார்கள், விரைவுப் படகில் எவரும் வரமாட்டார்கள் என்று அவள் அழுத்திச் சொன்னாள்.

"அதுவரைக்கும் கதவைப் பூட்டி வை."

"சாவி இல்ல."

"எங்க இருக்கு?"

"அப்பாகிட்ட இருந்துச்சு. அவர் போயி முப்பத்தோரு வருஷமாச்சு. அவருக்கே தெரிஞ்சிருக்கும்னு தோணல."

பிறகு அந்தப் பெண், குழந்தையை உடனே அழைத்து வந்து பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும்படி சொன்னாள். ஹெர்டிஸ் தீயைத் தணித்தாள். தலைக்குட்டையை எடுத்து முடிந்துகொண்டிருக்கையில் முன்னறைக் கதவு திறந்தது.

எய்லிவ் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்திருந்தான். அவன் கையில் அவனுடையதல்லாத ஒரு தோல்பை.

"ஹெர்டிஸ், குழந்தைகள் நலத்துறையிலேருந்து ஒருத்தர் வந்திருக்கார். ரெண்டு மணி விரைவுப் படகுல வந்தார். பாவம், பனிமழையில நனைஞ்சுட்டார். சூடா ஏதாவது குடு. நான் போறேன், ஈரல் பீப்பா தெறந்து கெடக்கு."

பையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். அவன் கேட்கவில்லை, ஒரு காகிதத்தைக்கூடப் பார்க்கவில்லை. அரசாங்கத்திலிருந்து வருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அதை நம்பாமலிருக்க அந்தத் தீவில் எவருக்கும் பழக்கமில்லை. பனியைக் கொடுப்பது வானம், பாதையிலிருந்து பனியை அள்ளுவது அரசாங்கம். இரண்டையும் சந்தேகிக்க என்ன இருக்கிறது? ஜன்னல் வழியே தம்பியின் முதுகு வேலியைத் தாண்டி, வெண்மைக்குள் கரைந்து போவதை ஹெர்டிஸ் பார்த்தாள். கூப்பிட்டால் காற்று அந்தக் குரலைக் கடலுக்குத்தான் கொண்டுபோகும்.

வந்தவன் முன்னறையில் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். கனத்த அடிப்பாகம் கொண்ட பழுப்பு பூட்ஸ், மஞ்சள் கயிறு. கயிற்றைக் கொக்கி கொக்கியாக விடுவித்தான். இரண்டையும் சேர்த்து, நுனி சுவரைப் பார்க்கும்படி ஒழுங்காக வைத்தான். பிறகு சாம்பல் நிறக் காலுறையோடு உள்ளே வந்து, கை நீட்டி, ஏதோ ஒரு பெயரைச் சொன்னான். நாற்பது வயதிருக்கும். தாடியில் பனித்துளிகள் உருகிக்கொண்டிருந்தன. குரல் மென்மையானது.

அரசனைத் தவிர மற்றெல்லோரையும் 'நீ' என்பதுதான் அங்கே மரியாதை. "உக்காரு. காப்பி ஊத்துறேன்" என்றாள் ஹெர்டிஸ்.

"பொண்ணு இல்லையா?"

"மேல தூங்குறா."

வாயிலிருந்து அந்தச் சொற்கள் போனபின் அவளுக்கே வியப்பாக இருந்தது. மீன்கட்டில் ஒரு ஜோடி குறைந்தால்கூடத் தானே போய்ச் சொல்லிவிடுகிறவள் அவள்.

"இந்நேரத்துல தூக்கமா?"

"ராத்திரியெல்லாம் தூங்கல. ஒரு மணி நேரம் போகட்டும். நீ சாப்பிடு முதல்ல."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து மணிக்கு விரைவுப் படகு தெற்கே திரும்பும். புயலுக்கு முன் கடைசிப் படகு அதுதான். குழந்தையை அதில் அழைத்துப் போகும்படி உத்தரவு என்றான். வெள்ளிக்கிழமை பேச்சுக்கு முன் அவளை ஆயத்தப்படுத்த வேண்டுமாம். ஹெர்டிஸ் தலையசைத்தாள். கொந்தளிக்கிற கடலில் ஐந்து மணி நேரம், ஈரமான மேல்தளம், எட்டு வயதுக் குழந்தை, பக்கத்தில் ஒருவன் மட்டும். கால் தவறினாள் என்று அவன் அழுதுகொண்டே சொன்னால் மறுத்துச் சொல்ல யார் இருப்பார்கள்?

கொட்டகையில் பிள்ளைகளின் வேலை நாக்கு அறுப்போடு முடிந்துவிடும். மூன்றரைக்கெல்லாம் சுன்னிவா வாளியோடு வருவாள். மணி இப்போது இரண்டே முக்கால். இவனை வெளியே விட்டால் கொட்டகைக்குப் போவான். உள்ளே வைத்தால் குழந்தை இவன் மடியில் வந்து விழும். எது வழி என்று தெரியாமல் ஹெர்டிஸ் தெரிந்ததைச் செய்தாள்: சாப்பாடு போட்டாள். பெரிய துண்டங்களாக அவித்த மீன், பக்கத்தில் மீன்சினை, மேலே உருகிய ஈரலும் வெங்காயமும், உருளைக்கிழங்கு. தட்டு காலியாகும் முன்பே அடுத்த துண்டம் விழுந்தது. காப்பி மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரிக்கு அவமானம். அவனும் அந்தக் கடற்கரை நாட்டில் பிறந்தவன்தான். மூன்றாவதையும் குடித்தான்.

அவன் நன்றாகச் சாப்பிட்டான். வீட்டின் சுவர்ப் பலகைகளின் தடிமனை, கூரையின் வயதைக் கேட்டான். சரியான பதில்களையே பெற்றான். அறையில் ஆவி நிறைந்து ஜன்னல் குருடானது. கெட்டிலின் முனகலும் காற்றின் முனகலும் ஒன்றில் ஒன்று நுழைந்தன. ஒரு கணம் ஹெர்டிஸுக்கு இவையெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்துவிட்டவை, தான் உட்கார்ந்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவை என்று தோன்றியது. அப்போது அவன் கேட்டான்:

"அவளுக்கு எடது காது அடிக்கடி வலிக்குமே. இப்ப பரவாயில்லையா?"

எந்த அலுவலகக் காகிதத்திலும் ஒரு குழந்தையின் காதுவலியை இத்தனை வாஞ்சையோடு எழுதியிருக்க மாட்டார்கள். இதுவரை ஹெர்டிஸின் மனத்தில் ஒரு மூலை, எய்லிவ் சொன்னது உண்மையாக இருக்கக்கூடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தது. அந்த மூலையும் இப்போது அவிந்தது.

"இங்க வந்ததுக்கப்புறம் வலிக்கல" என்றாள். "காத்து சுத்தமா இருக்குல்ல."

முன்னறைக் கதவு திறந்தது.

காற்று ஒரு மூச்சாக உள்ளே வந்து உள்கதவை லேசாக அசைத்தது. வாளி ஒன்று தரையில் வைக்கப்படும் ஓசை. ஹெர்டிஸ் கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள். வழக்கமாக மூன்று எண்ணுவதற்குள் சிவப்பு பூட்ஸ் தடதடவென்று உள்ளே வந்துவிடும். ஒன்று எண்ணினாள். இரண்டு. ஏழு. பதினொன்று. பலகைத் தரை மிக மெதுவாக, பூனை மிதித்ததுபோல் கிரீச்சிட்டது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

"யாரு?" என்றான்.

"காத்து. அந்தக் கதவு அப்படித்தான்."

அவன் கோப்பையை வைத்தான். எழுந்து, காலுறையோடு ஓசையின்றி மாடிக்கு ஏறினான். தலைக்கு மேல் பலகைகள் ஒவ்வொன்றாக அவன் எங்கே நிற்கிறான் என்று ஹெர்டிஸுக்குச் சொல்லின: படுக்கையருகில், அலமாரியருகில், குனிகிறான், நிமிர்கிறான். இறங்கி வந்தபோது அவன் முகத்தில் கோபம் இல்லை.

"நல்லாப் பொய் சொல்லுற."

"இன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன்."

அவன் முன்னறைக்குப் போனான். அவள் பின்னாலேயே போனாள், கரண்டியோடு. நடுவில் வாளி நின்றது. அதில் இளஞ்சிவப்பு நாக்குகள், ஒரு கைப்பிடி பனி தூவி. சுவரோரம் ஹெர்டிஸின் சின்ன பூட்ஸ் மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் உருகிய பனி இரண்டு பெரிய பாதங்களின் வடிவில் தேங்கியிருந்தது. மேலே எதுவும் இல்லை.

அவன் அந்த ஈரத்தை நெடுநேரம் பார்த்தான். கொலைக்கு வந்தவனும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் வந்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து கை தானாகச் செய்கிற வேலையை மூளை தடுக்கவில்லை. ஹெர்டிஸின் பூட்ஸில் காலை நுழைத்துப் பார்த்தான். குதிகால் வெளியிலேயே நின்றது. உதறினான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு காலுறையோடு பனிமழைக்குள், சின்னத் தடங்கள் போன வழியில் இறங்கினான்.

ஹெர்டிஸ் தன் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்தொடர்ந்தாள். கொட்டகைக்கு முந்நூறு அடிகூட இல்லை. ஆனால் பாதை உறைந்து, இளகி, மறுபடி உறைந்து, உடைந்த கண்ணாடிபோல் விளிம்புகளோடு கிடந்தது. அவன் ஓடப் பார்த்து விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு முகம் தோன்றியது. புயலையும் கப்பல் உடைவதையும் பார்த்த முகங்கள்; ஒரு மனிதன் வெறும் காலுறையோடு வெளியே நடப்பதை அவை பார்த்ததில்லை. கதவுகள் திறந்தன. எவரும் எதுவும் கேட்கவில்லை. அவரவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, நிழலற்ற அந்த வெளிச்சத்தில், அவனுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு சவ ஊர்வலம் என்றே தோன்றியிருக்கும்.

கொட்டகையின் பெரிய கதவு திறந்திருந்தது. உள்ளே மேசைகளின் இருபுறமும் ஆட்கள் நின்றார்கள். மீன் அறுக்கும் கத்திகள் அவர்கள் கைகளில் இருந்தன. எவரும் அதை உயர்த்தவில்லை, எவரும் கீழே வைக்கவுமில்லை. எய்லிவ் நடுவில் நின்றான். அவன் முகம் வெளிறிக் கிடந்தது. அவனுக்குப் பின்னால், ஆரஞ்சுக் குல்லாய்களின் வரிசையில், ஒருத்தி பழுப்பு பூட்ஸ் இரண்டையும் மார்போடு அணைத்தபடி நின்றாள்.

வந்தவன் மூச்சைச் சீர்ப்படுத்திக்கொண்டு அலுவலகக் குரலில் சொன்னான்: "என் பூட்ஸைக் குடுங்கப்பா. நேரமாகுது."

"அது உன்னோடதுதானா?" என்றான் எய்லிவ்.

"என்னோடதுதான். ஏன்?"

"இந்தப் பொண்ணு இதை முன்னாடியே பாத்திருக்காளாம். ஜனவரியில. ஒருத்தன் கைமேல."

அவன் ஒருமுறை பின்னால் திரும்பினான். அங்கே தீவு நின்றிருந்தது. ஐந்து மணிப் படகு வந்தது, ஒருமுறை ஊதியது, ஏறுவார் இல்லாமல் போனது. அங்கே கவிழ்த்து வைத்திருந்த மீன்தொட்டியொன்றின் மேல் அவன் உட்கார்ந்தான். காலுறை கிழிந்து, பாதங்கள் நீலம் பாரித்து, ஒன்றில் ரத்தம் கசிந்தது.

ஹெர்டிஸ் அதைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய், தம்பிக்காகப் பின்னி வைத்திருந்த கம்பளிக் காலுறை ஜோடி ஒன்றைக் கொண்டு வந்து அவன் மடியில் போட்டாள்.

"இவனுக்கா?" என்றான் எய்லிவ்.

"கால் நனைஞ்ச மனுஷன்" என்றாள். "மத்ததை ஆறு மணிக்கு வர்றவங்க பாத்துக்குவாங்க."

அவர்கள் ஆறேகாலுக்கு வந்தார்கள். பூட்ஸ் ஒரு காகிதப் பையில் போயிற்று. அவன் ஹெர்டிஸின் காலுறையோடு படகுத்துறையில் நடந்து போனான். அந்தக் காலுறைகளின் விளிம்பில் அவள் போட்டிருந்த நட்சத்திரப் பின்னல் கடைசிவரை தெரிந்தது.

எய்லிவ் வீட்டு வாசலில் நின்று, பூட்டின் பச்சைத் துளையை விரலால் சுரண்டினான்.

"நாளைக்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வரேன். நான்தானே அவன் பையைத் தூக்கிட்டு வந்தேன்."

"பையைத்தானே தூக்கின" என்றாள் ஹெர்டிஸ். "போய் வெண்ணெய் எடு. நாக்கைப் பொரிக்கணும்."

பிறகு சுன்னிவாவிடம், அவள் ஏன் பயந்து ஓடிவிடவில்லை, பூட்ஸை எடுக்கத் தோன்றியது எப்படி என்று கேட்டாள். பத்து நாட்களில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"பூட்ஸ் இல்லாம யாராலயும் ஓட முடியாது, பெரியம்மா" என்றாள் குழந்தை, இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "அதனாலதான் நான் கழட்டவே மாட்டேன்."

ஹெர்டிஸ் உள்ளே போய் மாவைக் கொட்டி, உப்பிட்டு, வெண்ணெயை உருக்கினாள். அறுபத்து மூன்று நாக்குகள் என்று எய்லிவ் எண்ணிச் சொன்னான். அந்தக் கூந்தல் சிறுமியைவிட நான்கு அதிகமாம். முதல் ஈடு சட்டியில் விழுந்து சீறியபோது, முன்னறையில் ஒரு முனகலும் ஓர் இழுப்பும் கேட்டன. ஹெர்டிஸ் திரும்பிப் பார்த்தாள்.

சுன்னிவா தரையில் உட்கார்ந்து இடது பூட்ஸை இழுத்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் ஈரத்தில் அது காலோடு ஒட்டியிருந்தது. அது வந்தது, பிறகு வலது வந்தது. எழுந்து, இரண்டையும் சேர்த்து, நுனி வாசலைப் பார்க்கும்படி, எடுத்து ஓடத் தோதாக வைத்தாள். வெறும் பாதங்களோடு அடுக்களை வரைக்கும் வந்தாள். தரையின் சூட்டை உணர்ந்தவள்போல விரல்களை விரித்துப் பார்த்தாள்.

ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். குனிந்து, பூட்ஸ் இரண்டையும் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள்.